நம்ம கொருக்குப்பேட்டை பையன் நாயப் சுபேதார் போர்டுக்குப் போயிருக்கிறான், உஸ்தாத் பெருமைப்படலாமா?

தண்டையார்பேட்டை_சாப் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சுபேதாராக ரிடையர் ஆனவன், இப்போது தண்டையார்பேட்டை. சர்வீஸில் கொஞ்ச காலம் வெலிங்டன் சென்டரில் உஸ்தாதாக, அதாவது புதிதாக வரும் ரெக்ரூட்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாக இருந்தேன். அப்போது என் ப்ளாட்டூனுக்கு வந்த கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன் இப்போது ஹவில்தார், நாயப் சுபேதார் பிரமோஷனுக்கு அவன் பெயர் போர்டுக்கு, அதாவது தேர்வுக் குழுவுக்குப் போயிருக்கிறது. ரிசல்ட் இன்னும் வரவில்லை. வீட்டில் சொன்னால் "நம்ம பிள்ளை பாஸானப்பகூட நீங்க இப்படி ஆடலையே" என்கிறார்கள், டீக்கடையில் சொன்னால் சம்பளம் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பையன் வந்தபோது ஓட்டம் பிரமாதம், கயிறு ஏறுவதில் முதல் ஆள், சுடுவதும் சுமாராக வரும். மேப் ரீடிங் என்றால் மட்டும் முகம் செத்துவிடும். காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒரு மேப்பில் கான்டூர் கோடுகளைப் பார்த்து இது மேடு, இது பள்ளம், இது ஸ்பர் (மலையிலிருந்து நீளும் கிளை முகடு) என்று சொல்ல வேண்டும் என்றால் ஒரு மலையையாவது முன்னே பார்த்திருக்க வேண்டுமே. கொருக்குப்பேட்டையில் ஏது மலை, உயரம் என்றால் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான். மாலையில் ரோல்காலுக்கு முன்னால் அவனை பாரக் பின்பக்கம் கூட்டிப்போய் ஈர மண்ணைக் குவித்து ஒரு மேடு கட்டி, அதைச் சுற்றி ஒரே உயரத்தில் நூலைப் பதிக்கச் சொன்னேன். கொஞ்சம் மேலே இன்னொரு நூல், அதற்கு மேல் இன்னொன்று. சுற்றி முடித்ததும் நேர் மேலே நின்று குனிந்து பார் என்றேன். சரிவு செங்குத்தாக இருந்த பக்கம் நூல்கள் நெருங்கி இருந்தன, சாய்வான பக்கம் விலகி இருந்தன. பையன் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "உஸ்தாத், இந்தப் பக்கமா ஏறினா மூச்சு வாங்கும், அந்தப் பக்கமா ஏறினா வாங்காது, அதானே" என்றான். அதேதான். 1:50,000 மேப்பில் இரண்டு கோட்டுக்கு நடுவே 20 மீட்டர் உயரம் என்பதை அதற்குப் பிறகு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவனோடு சேர்ந்தவர்களில் சிலர் முன்பே நாயப் சுபேதாராகித் தோளில் நட்சத்திரம் போட்டுவிட்டார்கள், இவன் பின்தங்கியதற்கு ஒரு கதை உண்டு. கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தாராக ஸ்டோரை ஏற்றுக்கொள்ளும்போது கணக்கில் இருந்ததற்கும் கையில் இருந்ததற்கும் ஒத்துப்போகவில்லை. கம்பளி, கொசுவலை, தண்ணீர் ஜெர்ரிகேன் என்று குறைச்சல். வழக்கம் என்ன? கையெழுத்துப் போடு, மெதுவாகச் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்பார்கள். இவன் குறைந்த பொருள் ஒவ்வொன்றையும் எண்ணித் தனித்தாளில் எழுதி, அதில் கொடுத்தவரும் கையெழுத்துப் போட்டால்தான் தானும் போடுவேன் என்று நின்றுவிட்டான். பெரிய சங்கடம். அந்த வருஷ ஏ.சி.ஆர்., அதாவது மேலதிகாரி எழுதும் வருடாந்திர ரகசிய அறிக்கை, சாதாரணமாகத்தான் வந்தது. இவ்வளவும் நடந்து முடிந்து லீவில் வந்தபோதுதான் எனக்கே சொன்னான். நடக்கும்போது ஒரு போன் செய்து "உஸ்தாத், என்ன செய்யட்டும்" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. என் பெருமையெல்லாம் அவன் கேட்காததில்தான் இருக்கிறது.

இப்போது பழைய நண்பர்கள் இரண்டு பேர் "உனக்கு ரெகார்ட்ஸ் ஆபீஸில் (சிப்பாய்களின் சர்வீஸ் பதிவுகளைப் பார்க்கும் இடம்) ஆள் தெரியுமே, ஒரு வார்த்தை சொல்லேன்" என்கிறார்கள். சொல்ல மாட்டேன். நான் செய்வது சரியா என்று கேட்கவில்லை, நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

வண்ணை_மளிகை

முதலில் வாழ்த்துகள் ஐயா. எனக்கு ராணுவம் சுத்தமாகத் தெரியாது. நாயப் சுபேதார் என்றால் ஆபீசரா? எங்கள் தெருவில் ஒருவர் ரிடையர் ஆகி வந்து கேப்டன் என்று போர்டு மாட்டியிருக்கிறார், ஆனால் சிப்பாயாகத்தான் சேர்ந்தார் என்கிறார்கள்.

சாப்பர்_தம்பி

நான் மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூர் சென்டர், ஹவில்தாராக வெளியே வந்தேன். மளிகை அண்ணே, வரிசை இப்படி: சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். சிப்பாய்க்கு ஒன்றும் கிடையாது, மற்ற மூன்றுக்கும் கையில் பட்டை. அதற்கு மேல் நாயப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இந்த மூன்றும் ஜே.சி.ஓ., அதாவது ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்; முதல் இரண்டுக்கும் தோளில் நட்சத்திரம் ஏறிவிடும், சுபேதார் மேஜருக்கு அசோகச் சின்னம், கூடவே சிவப்பு மஞ்சள் சிவப்பாக ஒரு ரிப்பன் பட்டை. லெப்டினன்ட், கேப்டன் எல்லாம் கமிஷன்ட் ஆபீசர்கள், அது தனிப் பாதை, நம்ம பரங்கிமலை ஓ.டி.ஏ.விலிருந்து வருகிறார்களே அவர்கள். உங்கள் தெருக்காரர் ஹானரரி கேப்டனாக இருப்பார், நல்ல சர்வீஸ் உள்ள ஜே.சி.ஓ.க்களுக்குக் குடியரசு தினம், சுதந்திர தினத்தையொட்டிக் கொடுக்கிற கௌரவம். போர்டு மாட்டுவதில் தப்பே இல்லை, சம்பாதித்தது.

ஜே.சி.ஓ. ஆனால் உடனே மாறுவது கூப்பிடுகிற விதம். அதுவரை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவன் "சாப்" என்பான்.

புளியந்தோப்பு_பழசு

எங்க தாத்தா ஜமேதாராக வெளியே வந்தவர், பிறகு பெரம்பூர் பக்கம் மில்லில் வாட்ச்மேன் வேலை. அந்த ஜமேதார்தான் இந்த நாயப் சுபேதார், 1965-ல் பெயரை மாற்றினார்கள். தாத்தா சாகும் வரை ஜமேதார்தான். நாயப் சுபேதார்னு சொன்னா திட்டுவார்.

நேரா_சொல்றவன்

யாரும் கோபப்படக்கூடாது. இந்த உஸ்தாத், சிஷ்யன் சமாசாரம் எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிஜம் என்ன? ஹவில்தாரிலிருந்து நாயப் சுபேதார் ஆவது சீனியாரிட்டி, காலி இடம், மெடிக்கல் இந்த மூன்றும் அமைந்தால் நடக்கும். இடம் இல்லை என்றால் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் ஹவில்தாராகவே வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நான் அப்படித்தான் வந்தேன். பணத்தைப் பார்த்தாலும் எம்.ஏ.சி.பி. இருக்கிறது, 8, 16, 24 வருஷத்தில் பிரமோஷன் கிடைக்காதவனுக்கும் சம்பள நிலை ஏறும். அப்புறம் அந்த ஸ்டோர் கதை. மன்னிக்கணும் சாப், அந்தப் பையன் பிழைக்கத் தெரியாதவன். கம்பெனியில் நூறு பேருக்கு மேல் இருக்கிறார்கள், பத்து கம்பளி குறைந்தால் அதைச் சரிக்கட்ட ஆயிரம் வழி. ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு நின்று தன் ஏ.சி.ஆரைத் தானே கெடுத்துக்கொண்டான். இதைப் போய் நீங்கள் பெருமை என்கிறீர்கள்.

தண்டையார்பேட்டை_சாப்

கோபமெல்லாம் இல்லை. நீங்கள் சொன்னதில் பாதி உண்மை. இடம் இல்லாமல் நல்ல ஹவில்தார்கள் திரும்பிப் போனதை நானே பார்த்திருக்கிறேன், அதில் அவர்கள் குறை ஒன்றுமில்லை. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் சீனியாரிட்டி பெயரைப் பட்டியலில் சேர்க்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் பிரமோஷன் காடர் என்ற பயிற்சியில் பாஸாக வேண்டும், ஏ.சி.இ. என்று படிப்புச் சான்றிதழ் வேண்டும், மேப் ரீடிங் வேண்டும், மெடிக்கலில் ஷேப் ஒன்று என்ற முழுத் தகுதியில் நிற்க வேண்டும், ரெட் இங்க் என்ட்ரி, அதாவது தண்டனைப் பதிவு, வாங்கியிருக்கக்கூடாது, கடைசி சில வருஷ ஏ.சி.ஆர்.களை எடுத்துப் பார்ப்பார்கள். நாற்பதை நெருங்குகிற ஆள், முட்டி தேய்ந்து போய், சுகரோ பிரஷரோ எட்டிப் பார்க்கிற வயசில், இருபது வயசுப் பையன்களோடு முதுகில் பை, கையில் ரைபிளோடு உடல்தகுதிச் சோதனை ஓட்டம் ஓட வேண்டும். எம்.ஏ.சி.பி. சம்பளத்தைக் கொடுக்கும், ஒரு ப்ளாட்டூனைக் கொடுக்காது. நாயப் சுபேதாருக்குக் கொடுப்பார்கள், முப்பது சொச்சம் பேர், அவர்கள் லீவு, சண்டை, வீட்டுப் பிரச்சினை, எல்லாம் அவன் தலையில்.

கம்பளி விஷயத்துக்கு வருகிறேன். ஆயிரம் வழி என்றீர்களே, அதில் முக்கால்வாசி வழி என்ன என்று உங்களுக்கும் தெரியும். பக்கத்துக் கம்பெனி ஸ்டோரிலிருந்து ராத்திரி வருவது, அல்லது புதிதாக வந்த பையனுக்கு மூன்று கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டைக் கொடுத்து மூன்றுக்குக் கையெழுத்து வாங்குவது. உயரமான இடத்தில் இருக்கிற யூனிட்டில் அந்த மூன்றாவது கம்பளி யாருடையது? இவன் அதை யோசித்திருக்கிறான். பிழைக்கத் தெரியாதவன்தான், நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சாப்பர்_தம்பி

நேரா அண்ணே, நானும் ஸ்டோரில் இருந்தவன். நீங்கள் சொல்வது நடைமுறை, ஆனால் அந்தக் குறைச்சல் கைமாறிக் கைமாறிப் போய்க் கடைசியில் எவன் இருக்கும்போது போர்டு எண்ண வருகிறதோ அவன் தலையில்தான் விடியும். என் காலத்தில் ஒருவர் சம்பளத்தில் பிடித்தார்கள், அவர் எடுத்ததே இல்லை. தாளில் எழுதி வாங்கியவன் அன்றைக்குக் கெட்டவன், பத்து வருஷம் கழித்து நிம்மதியாகத் தூங்குவான்.

நேரா_சொல்றவன்

தூங்குவான் சரி, நட்சத்திரம் லேட்டானதே, அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? நாயப் சுபேதார் ஆகிற வருஷம் தள்ளிப்போனால் சுபேதார் தள்ளிப்போகும், சுபேதார் மேஜர் என்பது கனவாகிவிடும், ஒவ்வொரு ரேங்குக்கும் சர்வீஸ் வருஷம் வேறு, பென்ஷன் வேறு. ஒரு வருஷத்தை இழப்பது சும்மா இல்லை. உஸ்தாத் ரிடையர் ஆகிவிட்டார், அவருக்குப் பெருமை, பையனுக்கு நஷ்டம்.

இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள், சும்மா கை தட்டாமல்.

திருவொற்றியூர்_மருமகள்

நான் சொல்கிறேன் அண்ணா. என் வீட்டுக்காரரும் ஹவில்தார்தான், நான் மாமனார் மாமியாரோடு திருவொற்றியூரில் இருக்கிறேன். பிரமோஷன் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் எங்களுக்கு வரும் முதல் கேள்வி, எந்த ஊருக்குத் தூக்கிப் போடுவார்கள் என்பது. பெரியவள் பத்தாவது வருகிறாள். இவர் ஒரு தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார், அதற்கும் ஒரு தாள் இருக்கிறதாமே. நான்தான் கூடாது என்றேன். இத்தனை வருஷம் நான் தனியாகக் குழாயடியிலும் ஸ்டான்லி ஓ.பி. வரிசையிலும் நின்றது ஹவில்தாராகவே அவர் திரும்பி வரவா?

நஷ்டம் என்றீர்கள். அந்தக் கொருக்குப்பேட்டை வீட்டிலும் ஒருத்தி இருப்பாள் இல்லையா, ஒரு வருஷம் தள்ளிப்போனது அவளுக்கும் சேர்த்துத்தான். சாப், நீங்கள் பையனைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், அவன் சம்சாரத்திடம் ஒரு வார்த்தை பேசினீர்களா?

தண்டையார்பேட்டை_சாப்

பேசினேன் அம்மா. எண்ணெய்க்காரத் தெரு பக்கம் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது. "அந்த ஸ்டோர் விஷயத்தில் உனக்கு வருத்தமா" என்று கேட்டேன். "வருத்தம்தான் மாமா, ஆனா கையெழுத்துப் போட்டுட்டு வந்திருந்தா தினம் ராத்திரி எழுந்து உக்காந்திருப்பார், அதை யார் பாக்குறது" என்றது. அதோடு பேச்சை மாற்றிவிட்டது, பிரியாணிக்கு இடம் பிடிக்கச் சொல்லி.

நேரா தம்பிக்கு. பையனுக்கு நஷ்டம், எனக்குப் பெருமை என்கிறீர்கள், அது சரியான குத்துதான். ஆனால் ஒன்று, சாதாரண ஏ.சி.ஆர். வாங்கிய அடுத்த வருஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலையைக் கெடுத்தவர்கள் பட்டியல் பெரியது, அதில்தான் பலர் போனது. இவன் அந்த வருஷம் கம்பெனியில் மேப் ரீடிங் வகுப்பைக் கேட்டு வாங்கி எடுத்தானாம். அதற்குப் பிறகு வந்த ஏ.சி.ஆர்.களில்தான் ஏறி வந்திருக்கிறான். இதுவும் அவன் சொல்லி எனக்குத் தெரியாது, அவன் யூனிட்டிலிருந்து லீவில் வந்த வியாசர்பாடிப் பையன் ஒருவன் சொன்னான். மணலைக் குவித்து நூல் சுற்றுகிறாராம் ஹவில்தார் சாப், ஆனால் நூல் கிடைக்காத இடத்தில் ஷூலேஸாம்.

எண்ணூர்_ரன்னர்

சார் வணக்கம். எனக்கு 19 வயசு, அக்னிவீருக்குத் தயாராகிட்டு இருக்கேன். இதெல்லாம் படிக்கும்போது ஆசையா இருக்கு, ஆனா எங்களுக்கு நாலு வருஷம்தானே. அதுல நூத்துக்கு 25 பேரைத்தான் வெச்சுக்குவாங்க. பட்டையே வராதவனுக்கு நட்சத்திரம் பத்தி யோசிக்கலாமா? உஸ்தாத் கூட அவ்வளவு நாள் பழக முடியுமா?

நேரா_சொல்றவன்

தம்பி நல்ல கேள்வி. 2022-ல் இந்தத் திட்டம் வந்ததிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பது இதைத்தான். இந்த இழையில் பேசுகிற இருபது வருஷக் கதை இனி முக்கால்வாசிப் பையன்களுக்கு இல்லை.

தண்டையார்பேட்டை_சாப்

தம்பி, நானும் கூட்டிக்கழித்துப் பார்த்துச் சொல்கிறேன், பொய் நம்பிக்கை கொடுக்க விருப்பமில்லை. நாலில் மூன்று பேர் வெளியே வருவார்கள், சேவா நிதி என்று ஒரு தொகை கையில் வரும், பென்ஷன் கிடையாது. இதைத் தெரிந்துகொண்டு சேர். வெளியே வந்த பிறகு என்ன என்பதை இப்போதே ஒரு மூலையில் யோசித்து வை, டிகிரியை விட்டுவிடாதே.

உஸ்தாத் விஷயம் வேறு. நான் அந்தப் பையனோடு சேர்ந்து இருந்தது சென்டரில் பயிற்சி நடந்த மாதங்கள்தான், பிறகு அவன் பட்டாலியனுக்குப் போனான், நான் வேறு இடம். பொங்கலுக்கு ஒரு போன், லீவில் வந்தால் ஒரு டீ. நாள் கணக்கு பெரிய விஷயமில்லை. வெலிங்டன் குளிரில் காலையில் பைப்பைத் திறந்தால் கை மரத்துப்போகும், அந்த நேரத்தில் உன் பூட்ஸ் கடித்த காலை ஒரு ஆள் குனிந்து பார்த்தான் என்றால் அது மறக்காது. அவன் திட்டினதும் மறக்காது, அது வேற.

சாப்பர்_தம்பி

ரகடா கொடுத்ததை, அதான் தண்டனையா உடம்பை முறிச்சதை, விட்டுட்டீங்களே சாப்.

தண்டையார்பேட்டை_சாப்

அதை இங்கே எழுதினால் மருமகள் என்னைத் திட்டும்.

காசிமேடு_கப்பல்

ஒரு கேள்வி. ரெகார்ட்ஸில் ஆள் தெரிந்தும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். எங்கள் ஹார்பரில் கவுன்சிலர் லெட்டர் இல்லாமல் ஐஸ் பாரே இறங்காது. ஒரு வார்த்தை சொல்வதில் என்ன தப்பு, எல்லாரும்தானே சொல்கிறார்கள்? தகுதி உள்ள பையன்தானே, தகுதி இல்லாதவனுக்கா கேட்கச் சொல்கிறோம்?

தண்டையார்பேட்டை_சாப்

கப்பல் தம்பி, முதல் காரணம் ரொம்பச் சாதாரணம். எனக்குத் தெரிந்த ஆள் அங்கே ஒரு கிளார்க், அவர் நினைத்தாலும் போர்டு முடிவை மாற்ற முடியாது, சும்மா அவரைச் சங்கடப்படுத்துவேன். இரண்டாவது, நான் சொன்னது அவனுக்குத் தெரிந்தால், தெரியாமல் இருக்காது, அவன் தோளில் ஏறும் நட்சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் உஸ்தாத் சொல்லி வந்ததோ என்று ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். கம்பளிக்கே கையெழுத்துப் போடாதவன். அவனுக்கு அதை நான் செய்யலாமா?

நேரா_சொல்றவன்

இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். எனக்கு இடம் வராதபோது ஒருவர் சொல்லிப் பார்க்கிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை, வருத்தம் எல்லாம் இடம் இல்லாததில்தான்.

பையனுக்குக் கிடைக்கட்டும். ஸ்டோர் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

புளியந்தோப்பு_பழசு

ஒரு எச்சரிக்கை. யூனிட் நம்பர், இருக்கிற இடம், பையன் பெயர் எதையும் யாரும் இங்கே போட வேண்டாம். மேலே ஒருவர் "எந்த பட்டாலியன்" என்று கேட்டிருந்தார், அதை நீக்கச் சொல்லியிருக்கிறேன்.

வண்ணை_மளிகை

ஐயா, கிடைத்துவிட்டால் அந்த நட்சத்திரத்தை நீங்கள் போய்க் குத்துவீர்களா?

தண்டையார்பேட்டை_சாப்

இல்லை, அது சி.ஓ.வும் (யூனிட்டின் தலைமை அதிகாரி) சுபேதார் மேஜரும் குத்துவது, யூனிட்டில் நடக்கும், நான் எங்கே போவது. அன்றைக்கு போனில் அவனிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன், வாழ்த்துக்கு அப்புறம். ஹவில்தாராக இருக்கும் வரை பையன்களோடு அதே லங்கரில் (பொதுச் சமையல்கூடம்) சாப்பாடு, பக்கத்து பாரக்கில் தூக்கம், ராத்திரி எவன் அழுகிறான் என்பதுகூடக் காதில் விழும். நட்சத்திரம் ஏறினால் ஜே.சி.ஓ. மெஸ்ஸில் மேஜை, தனி அறை. எனக்கு முதல் சில மாதம் சாப்பாடே இறங்கவில்லை, மெஸ்ஸில் நல்ல சாப்பாடுதான் என்றாலும். வாரத்தில் ஒரு நாளாவது லங்கரில் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார் என்று சொல்ல வேண்டும். சொல்லாமலே அவன் செய்வான் என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் சொல்வேன், உஸ்தாத் வாய் சும்மா இருக்காது.

திருவொற்றியூர்_மருமகள்

சாப், பெரியவளுக்குப் பத்தாவது என்றேனே, இவருக்கு போஸ்டிங் மாறினாலும் நாங்கள் இங்கேயே இருந்து படிப்பை முடிக்க வழி இருக்கிறதா?

சாப்பர்_தம்பி

அக்கா, குடும்பம் தனியாக இருக்கிறவர்களுக்கு எஸ்.எஃப். குவார்ட்டர்ஸ் என்று உண்டு, ஆனால் உங்களுக்குச் சொந்த வீடே இங்கே இருக்கும்போது மாற வேண்டியதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் இருந்தால் அதைச் சொல்லி போஸ்டிங்குக்கு விண்ணப்பம் கொடுக்கலாம், பரிசீலிப்பார்கள். அவரை முன்கூட்டியே யூனிட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆர்டர் வந்த பிறகு ஓடாதீர்கள்.

எண்ணூர்_ரன்னர்

சார், கடைசியா ஒண்ணு. 1.6 கிலோமீட்டர் ஓடறதுல முதல் ரெண்டு ரவுண்டு வேகமா போயிடறேன், அப்புறம் செத்துடறேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுலதான் ஓடறேன்.

தண்டையார்பேட்டை_சாப்

முதலில் அந்த ரோட்டை விடு, கன்டெய்னர் லாரிப் புகையில் நுரையீரல் போய்விடும், ஆளும் போய்விடுவான். 400 மீட்டர் டிராக் அல்லது அளந்து வைத்த ஒரு மைதானத்துக்கு மாறு. முதல் ரவுண்டை உன்னால் முடிந்ததைவிடக் கொஞ்சம் குறைவாக ஓடு, கையில் வாட்ச் கட்டி ஒவ்வொரு ரவுண்டு நேரத்தையும் எழுதி வை. நாலு ரவுண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வர வேண்டும், கடைசி அரை ரவுண்டில் மிச்சம் இருப்பதைக் கொட்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இந்தப் பக்கம் வர முடிந்தால் தனிச் செய்தியில் சொல், எங்கே என்று சொல்கிறேன். பேரன் சைக்கிளைக் கொண்டு வருகிறேன், என்னால் இப்போது கூட ஓட முடியாது.